சுவருக்குப் பெயின்ற் அடிக்குமுன் மெயின் சுவிச்சை நிறுத்துவோம்

2026 தைப் பொங்கலுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. ஈச்சிலம்பற்றில் எமது மாதர் குழுவின் மாதாந்தக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். வழக்கமாக முன்வரிசையில் இருந்து கணக்குக் கொப்பியை வாசிக்கும் அக்கா அன்று வரவில்லை. விசாரித்தபோது பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "அக்கா கையில கட்டோட இரிக்கா மிஸ். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போய் கரண்ட் அடிச்சிட்டு."

கூட்டம் முடிந்ததும் அவரது வீட்டுக்குப் போனேன். முன்னறையின் ஒரு சுவர் முழுவதும் இளம் பச்சை நிறம் பூசப்பட்டிருந்தது. அடுத்த சுவர் பாதியில் நின்றது. வலது மணிக்கட்டில் கட்டு. பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கறுத்த புண். மேசைக்கு மேல் நின்றவரைத் தூக்கி எறிந்திருக்கிறது. கீழே விழுந்ததில் எலும்பு முறிந்தது. "விழாமல் கம்பியில கை ஒட்டியிருந்தா இப்ப உங்களோட கதைக்க நான் இரிக்க மாட்டன் பிள்ள" என்றார் அவர்.

அந்த அக்காவின் கணவர் யுத்த காலத்தில் காணாமற் போனவர். மகள் உயர்தரம் படிக்கிறாள். ஆடும் கோழியும் வளர்த்து, தையல் தைத்துக் குடும்பத்தை நடத்துபவர். இரண்டு அறைக்குப் பெயின்ற் அடிக்க ஒருவர் கேட்ட கூலி அவருடைய ஒரு மாத வருமானம். ஆகவே தானே அடிப்பது என்று முடிவு செய்தார். அந்த முடிவில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவரைப் பார்க்க வந்த ஊரவர் பலரும் "பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கை நோவை விட அந்தக் கேள்விதான் அவருக்கு அதிகம் நொந்தது.

பெண் என்பதால் அவருக்கு மின்சாரம் அடிக்கவில்லை. அது எதனால் அடித்தது என்பதை நாங்கள் பின்னர் ஒரு மின் வேலை தெரிந்தவரை அழைத்துக் கண்டுபிடித்தோம். அந்தக் காரணம் எம்மில் பலருடைய வீட்டுச் சுவரிலும் இருக்கக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன். நான் சமூகவியல் படித்தவள். மின்சாரம் படித்தவள் அல்ல. கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எமது குழுவில் செய்து பார்த்ததையுமே இங்கு சொல்கிறேன்.

வெள்ளம் வடிந்த பின்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்ததை இங்கு எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மகாவலி பெருகியது. மாவிலாற்று அணைக்கட்டு உடைத்தது. 2006 யூலையில் எந்த மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதோடு எமது பகுதியில் மீண்டும் யுத்தம் மூண்டதோ, அதே மாவிலாறு. அன்று எனக்குப் பதினைந்து வயது. அம்மாவுடன் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்பு முகாமுக்கும் போனோம். 2007இல் மீளக் குடியேறியபோது எம்மை வரவேற்றது கூரையில்லாத சுவர்கள்தான். அதற்கு முன் 2004 டிசம்பர் 26இல் கடலும் வந்து போயிருந்தது. இப்படி ஒவ்வொரு தடவையும் சுவரைக் கழுவி, பூசி, மீண்டும் வாழத் தொடங்குவது எமது பெண்களுக்குப் புதிய வேலை அல்ல.

புதியது எது என்றால், இப்போது அந்தச் சுவருக்குள் மின்சாரம் ஓடுகிறது. எம்மில் பலர் குப்பி விளக்கில் படித்து வளர்ந்தவர்கள். மின்சாரம் வந்தபோது சுவிச்சைப் போடவும் நிறுத்தவும் பழகினோம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை எமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வெள்ளமும் மழையும் பட்ட வீட்டில் பெயின்ற் அடிக்க அவசரப்படக் கூடாது. ஈரச் சுவரில் பூசிய பெயின்ற் சில மாதங்களில் கொப்பளித்து உரியும். அதைவிடப் பெரிய காரணம், சுவருக்குள் போகும் குழாயிலும் சுவிச் பெட்டியிலும் தண்ணீர் நிற்கலாம் என்பது. தண்ணீரில் மூழ்கிய பிளக், சுவிச் என்பவற்றை வெளியில் துடைத்துவிட்டுப் பாவிக்கக் கூடாது. சேறும் உப்பும் உள்ளே படிந்திருக்கும். அவற்றை மாற்ற வேண்டும். வயரின் காப்பு நன்றாக உள்ளதா என்று பார்க்க மின் வேலை செய்பவர்களிடம் மெகர் என்னும் கருவி உண்டு. 500 வோல்ற் கொடுத்துச் சோதிக்கும்போது குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். "மெகர் வைத்துப் பார்த்தீர்களா? எவ்வளவு காட்டியது?" என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

அக்காவின் வீட்டில் நடந்தது என்ன?

அவரது முன்னறைச் சுவரில் கணவரின் படம் தொங்கியது. அந்தப் படத்தை மாட்ட ஒரு பெரிய ஆணி அடித்திருந்தார். ஆணி அடித்த இடம் சுவிச்சுக்கு நேர் மேலே. அங்கேதான் வயர் மேலே கூரைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆணி வயரைத் தொட்டுக்கொண்டு நின்றது. சுவர் காய்ந்திருந்த காலமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. படத்தின் கயிறு ஆணியில் தொங்கியதே தவிர, ஆணியை யாரும் தொடவில்லை.

புயலில் ஓடுகள் கிளம்பி, மழைநீர் அந்தச் சுவர் வழியே இறங்கியது. ஈரமான சுவர் வழியாக ஆணியிலிருந்து மின்சாரம் மெல்ல நிலத்துக்குக் கசியத் தொடங்கியது. உடனே மெயின் பெட்டியில் இருந்த ட்ரிப் சுவிச் விழுந்தது. தூக்கிவிட, மறுபடியும் விழுந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. பிள்ளைக்குப் படிக்க வெளிச்சம் இல்லை. பழக்கமான ஒரு தம்பி உதவி செய்வதாக நினைத்து அந்த ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து வயரை நேராகக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பின் விளக்கு அணையவே இல்லை. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

பெயின்ற் அடிக்கும் நாளில் அக்கா படத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். அறையின் லைற் சுவிச்சை நிறுத்தினார். கரண்டை நிறுத்திவிட்டோம் என்று நம்பினார். சுவரை ஈரத் துணியால் துடைத்தார். பின்பு பெயின்ற் பட்ட கையால் அந்த ஆணியைப் பிடித்து அசைத்தார்.

ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுந்தது பழுது அல்ல. "இந்தச் சுவரில் ஏதோ பிழை இருக்கிறது" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதன் வாயை மூடிவிட்டோம்.

ட்ரிப் சுவிச் எதற்கு? மற்றைய பிரேக்கர் எதற்கு?

மெயின் பெட்டிக்குள் சிறிய பிரேக்கர்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் 6, 16, 20, 32 என்று எண்கள் எழுதப்பட்டிருக்கும். அவை வயர் சூடாகி எரியாமல் காப்பவை. மனிதரைக் காப்பவை அல்ல. லைற்றுக்கு உரிய பிரேக்கர் 6 அம்பியர். அதாவது 6000 மில்லி அம்பியர். மனித உடலுக்கோ 10 மில்லி அம்பியர் அளவிலேயே தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமற் போகலாம். 50 மில்லி அம்பியருக்கு மேல் சில விநாடிகள் பாய்ந்தால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை நிறுத்திவிடலாம். எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற். ஈரக் கையும் ஈரக் காலும் என்றால் உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்குக் குறைந்துவிடும். அப்போது 200 மில்லி அம்பியருக்கு மேல் பாயக்கூடும். ஒரு உயிரைப் பறிக்க அது போதும். 6 அம்பியர் பிரேக்கர் அதைக் கவனிக்கவே மாட்டாது.

ட்ரிப் சுவிச் அப்படி அல்ல. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி அம்பியர் அளவு எங்கேனும் கசிந்தால் 0.3 விநாடிக்குள் முழுவதையும் துண்டித்துவிடும். அதன் முகத்தில் "30 எம்.ஏ." என்னும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு சிறிய சோதனைப் பொத்தானும் இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை அதை அழுத்த வேண்டும். அழுத்தியதும் சுவிச் விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அது செத்துப்போனது, மாற்ற வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு கை உயிர் வயரிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் ட்ரிப் சுவிச்சினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அது இருக்கிறது என்ற தைரியத்தில் மெயினை நிறுத்தாமல் வேலை செய்யக் கூடாது.

லைற் சுவிச்சை நிறுத்தினால் போதாது

லைற் சுவிச்சை நிறுத்தினால் பல்புக்குப் போகும் வழி மட்டுமே துண்டிக்கப்படுகிறது. சுவிச் பெட்டிக்குள் வந்து சேரும் வயரில் மின்சாரம் அப்படியே நிற்கிறது. சில வீடுகளில் வயரிங் பிழையாகச் செய்து, உயிர் வயருக்குப் பதில் நியூட்ரல் சுவிச்சுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். அங்கே லைற் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்.

ஆகவே பெயின்ற் அடிக்கும் நாளில் முழு வீட்டுக்கும் உரிய மெயின் சுவிச்சையே நிறுத்துவோம். காலை வெளிச்சத்தில் தொடங்கினால் லைற் தேவைப்படாது. குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணித்தியாலம் வரை உணவு பழுதடையாது. போனை முதல் நாளே சார்ஜ் செய்துகொள்ளலாம்.

மெயினை நிறுத்திய பின்னும் சில இடங்களில் மின்சாரம் இருக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். மீட்டரிலிருந்து மெயின் சுவிச்சுக்கு வரும் வயரில் அது எப்போதும் இருக்கும். ஆகவே மெயின் பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டாம். அயல் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து ஒரு அறைக்கு மட்டும் லைற் போட்டிருந்தால், உங்கள் மெயின் சுவிச் அதைத் துண்டிக்காது. அயல் வீட்டாரிடம் சொல்லி அங்கேயே கழற்ற வேண்டும். சூரிய சக்திப் பெட்டி, பற்றரி, ஜெனரேற்றர் உள்ள வீட்டில் அவற்றையும் நிறுத்த வேண்டும்.

கரண்ட் வெட்டும் நேரம் பார்த்துப் பெயின்ற் அடிப்பதும் ஆபத்தானது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது பலர் அப்படிச் செய்தார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றதும் நினைவிருக்கும். வெட்டிய மின்சாரம் எப்போது திரும்பி வரும் என்று எவரும் எமக்குச் சொல்லிவிட்டு அனுப்புவதில்லை. நாங்கள் நிறுத்தினால் மட்டுமே எமது கையில் இருக்கும்.

நிறுத்திய சுவிச்சை வேறு யாரும் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அடுத்த காரியம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை "கரண்ட் இல்லையே" என்று மெயினைப் போட்டுவிடலாம். ஒரு அட்டையில் "அம்மா வேலை செய்கிறேன், போடாதே" என்று பெரிதாக எழுதி மெயின் பெட்டியில் ஒட்டுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சிவப்புத் துணி கட்டுங்கள். வாயாலும் சொல்லுங்கள்.

டெஸ்டர் சொல்வதை எப்படி நம்புவது?

கடையில் வாங்கும் திருகாணிச் சாவி போன்ற டெஸ்டர் பல வீடுகளில் உண்டு. அதன் பல்பு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது. எரியாவிட்டால் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. வெயில் வெளிச்சத்தில் அதன் ஒளி தெரியாமற் போகலாம். இறப்பர் செருப்போடு அல்லது காய்ந்த பலகையில் நின்றால் மங்கலாக எரியலாம். டெஸ்டரே பழுதாகியும் இருக்கலாம்.

ஆகவே மூன்று தடவை பார்க்க வேண்டும். மெயினை நிறுத்துமுன் மின்சாரம் இருப்பது தெரிந்த ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். நிறுத்திய பின் வேலை செய்யும் அறையில் பாருங்கள். அதன் பின் மின்சாரம் இருக்கும் வேறு ஒரு இடத்தில், உதாரணமாக அயல் வீட்டுப் பிளக்கில், டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மூன்று தடவையும் அதே செருப்போடு நில்லுங்கள். டெஸ்டர் இல்லாவிட்டால் மேசை விளக்கு ஒன்றை ஒவ்வொரு பிளக்கிலும் போட்டுப் பார்க்கலாம். எப்படிப் பார்த்தாலும் வயரைக் கையால் தொடும் வேலை எம்முடையது அல்ல.

2007இல் மீளக் குடியேறியபோது மிதிவெடி பற்றிய வகுப்புகள் எமக்கு நடந்தன. சிவப்புப் பலகைக்கு அப்பால் காலை வைக்காதே, தெரியாத பொருளைத் தொடாதே, தெரிந்தவருக்கு அறிவி என்று படித்தோம். அந்தப் படிப்பு எமது பிள்ளைகள் பலரின் கால்களைக் காப்பாற்றியது. பயந்து வீட்டுக்குள் இருக்கச் சொல்லி அதில் யாரும் சொல்லவில்லை. எங்கே நடக்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னார்கள். மின்சாரத்துக்கும் அதே முறைதான்.

வேலை செய்யும்போது

இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.

சுவரைக் கழுவும்போது தண்ணீரை வாளியால் ஊற்ற வேண்டாம். துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். சுவிச், பிளக் என்பவற்றைச் சுற்றி ஒரு சாண் இடத்தைக் காய்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

சுவிச்சின் மூடியைக் கழற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தைச் சிறிய பிரஷால் பூசினால் அழகாகவே வரும். மூடி சுவரோடு ஒட்டிப்போய்க் கட்டாயம் தளர்த்த வேண்டி வந்தால், மெயினை நிறுத்தி டெஸ்டரால் பார்த்த பின், இரண்டு திருகாணிகளையும் சற்றுத் தளர்த்துங்கள். மூடி ஒரு விரல் தடிப்புக்கு முன்னே வந்தால் போதும். பின்னால் உள்ள வயர்களைக் கழற்றவோ இழுக்கவோ வேண்டாம். பெட்டிக்குள் பெயின்ற் போக விட வேண்டாம். பூசி முடிந்து காய்ந்ததும் திருகாணிகளை மீண்டும் இறுக்குங்கள். அதுவரை மெயினைப் போடக் கூடாது.

சுவிச்சின் மேலும் பிளக் துவாரத்தின் மேலும் பெயின்ற் பூசுவது சில வீடுகளில் வழக்கம். அது கூடாது. உள்ளே போன பெயின்ற் தொடுமுனைகளைச் சரியாகச் சேர விடாமல் சூடேற்றும். வயரின் மேல் பூசினால் அதன் நிறம் மறைந்துவிடும். பழைய வயரிங்கில் சிவப்பு உயிர் வயர், கறுப்பு நியூட்ரல், பச்சை நில இணைப்பு. புதியதில் மண்ணிறம் உயிர் வயர், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது நில இணைப்பு. நாளை வேலைக்கு வருபவர் இந்த நிறங்களைப் பார்த்துத்தான் தொடங்குவார். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி நாங்கள் எதையும் தொடக் கூடாது. மாற்றிப் பொருத்தியவர்களும் உண்டு.

பழைய பெயின்றைச் சுரண்டும்போது சுவிச்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஆழமாகச் சுரண்ட வேண்டாம். வயர் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் போகும். அதே கோடுகளில் ஆணி அடிக்கவும் கூடாது. படம், கலண்டர், சாமித்தட்டு எதுவானாலும் விலக்கி அடியுங்கள். ஏற்கெனவே அடித்த ஆணி அந்தக் கோட்டில் இருந்தால் அதைத் தொடாமல், வயரிங் தெரிந்தவருக்குக் காட்டுங்கள்.

மின்விசிறியைக் கழற்ற வேண்டாம். அதன் தண்டுக்குப் பழைய சீலையைச் சுற்றிக் கட்டினால் போதும்.

கூரைப் பக்கம் பூச மர ஏணி நல்லது. மேசைக்கு மேல் கதிரை வைத்து ஏற வேண்டாம். கரண்ட் லேசாக அடித்தாலும் விழுந்து சாகலாம். வெளிச் சுவருக்குப் போகும்போது அலுமினிய ஏணியும் நீண்ட கம்பியில் பூட்டிய ரோலரும் மிக ஆபத்தானவை. தூணிலிருந்து வீட்டுக்கு வரும் வயரை உங்கள் மெயின் சுவிச் நிறுத்தாது. அதிலிருந்து குறைந்தது பத்து அடி தள்ளி நில்லுங்கள். அந்தப் பக்கச் சுவரைப் பூசியே ஆக வேண்டுமானால், மின் பட்டியலில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தித் தரும்படி கேளுங்கள்.

எண்ணெய்ப் பெயின்றும் தின்னரும் பாவிக்கும்போது யன்னல் கதவுகளைத் திறந்து வையுங்கள். கரண்ட் இல்லை என்று அந்த அறைக்குள் குப்பி விளக்கோ மெழுகுதிரியோ நுளம்புச் சுருளோ கொளுத்த வேண்டாம். தின்னரின் ஆவி தீப்பிடிக்கும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்த பின் சுவர் தொட்டுப் பார்க்கக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் கலக்கும் பெயின்ற் ஈரமாக இருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தும். அறைச் சுவிச்சுகள் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து, காலில் செருப்போடு, காய்ந்த கையால் மெயினைப் போடுங்கள். ட்ரிப் சுவிச்சின் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு லைற்றாகப் போடுங்கள். ஏதாவது ஒன்றைப் போடும்போது ட்ரிப் விழுந்தால் அதை அப்படியே நிறுத்தி வைத்து ஆளைக் கூப்பிடுங்கள். நேராகக் கொடுக்கச் சொல்லி எவரையும் கேட்காதீர்கள்.

ஒருவருக்குக் கரண்ட் அடித்தால்

ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டாம். பிடித்தால் நீங்களும் ஒட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையில் அல்லது பிளாஸ்ரிக் கதிரையில் ஏறி நின்று, காய்ந்த மரத் தும்புத்தடிப் பிடியால் அவரது கையைத் தள்ளிவிடுங்கள். வெளியே தூணிலிருந்து அறுந்து விழுந்த வயர் என்றால் கிட்டவே போக வேண்டாம்.

1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லுங்கள். மூச்சில்லாமல் கிடந்தால் மல்லாக்காகக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து தொடக்கம் ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை விட வேண்டாம். மண்ணில் புதைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் உதவாது. எழும்பி இருந்து கதைத்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பிணியானால் கட்டாயம். சிறிய புண்ணாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகச் சுட்டிருக்கலாம்.

எங்கே நிற்க வேண்டும்?

பெயின்ற் அடிப்பது எமது வேலை. மெயினை நிறுத்துவது, சோதிப்பது, டேப் ஒட்டுவது, ட்ரிப் சுவிச்சின் பொத்தானை அழுத்துவது எல்லாம் எமது வேலை. வயரைக் கழற்றுவது, பொருத்துவது, மெயின் பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. அவரிடம் என்.வி.கியூ. சான்றிதழ் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. "புருஷன் இல்லாத வீடு, கேள்வி கேட்டால் என்ன நினைப்பார்கள்" என்று பல சகோதரிகள் கூச்சப்படுகிறார்கள். ஆம்பிளை இல்லாத வீட்டில் கேள்வி கேட்க வேண்டியவள் நீங்கள்தான். வீட்டுக்குத் தனியே ஆண் ஒருவர் வருவது சங்கடமானால் குழுவில் இன்னொருவரை அழைத்து வைத்திருங்கள். எமது பெண் பிள்ளைகளும் இந்தத் தொழிலைப் படிக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் அதற்கான பாடநெறிகள் உண்டு. ஊரில் ஒரு பெண் இந்த வேலை தெரிந்தவளாக இருந்தால் இந்தச் சங்கடம் பாதி தீர்ந்துவிடும்.

நாங்கள் செய்தது இதுதான். குழுவில் ஐந்து வீடுகள் சேர்ந்து, திருகோணமலையிலிருந்து சான்றிதழ் உள்ள ஒருவரை ஒரே நாளில் அழைத்தோம். போக்குவரத்துச் செலவை ஐந்தாகப் பங்கிட்டோம். ஐந்து வீடுகளில் இரண்டில் ட்ரிப் சுவிச் தவிர்க்கப்பட்டிருந்தது. ஒன்றில் ட்ரிப் இருந்தது, பொத்தானை அழுத்த விழவில்லை. அந்த மூன்று வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொங்கலுக்கு முன் எல்லாம் சரி செய்யப்பட்டன. டெஸ்டர் ஒன்றும் மாஸ்கிங் டேப் உருளைகளும் மர ஏணி ஒன்றும் குழுவுக்குப் பொதுவாக வாங்கி வைத்திருக்கிறோம். பெயின்ற் அடிப்பவர் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தர வேண்டும்.

அக்காவின் வீட்டு வயரும் மாற்றப்பட்டது. ட்ரிப் சுவிச் திரும்பவும் தன் இடத்துக்கு வந்தது. மாசி மாதம் நான் போனபோது கட்டு அவிழ்த்திருந்தார்கள். பாதியில் நின்ற சுவரை அவரே பூசி முடித்திருந்தார். மகள் மெயின் பெட்டியில் ஒட்டிய அட்டை அப்படியே இருந்தது. கணவரின் படம் சுவிச்சிலிருந்து நன்றாக விலகி, யன்னல் பக்கச் சுவரில் தொங்கியது.

"இந்த முறை ஆணி அடிக்க முதல் ஆளைக் கேட்டுத்தான் அடிச்சன் பிள்ள" என்றார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் ட்ரிப் சுவிச்சின் பொத்தானைத் தானே அழுத்திக் காட்டினார். டக்கென்று விழுந்தது. வீடு முழுவதும் கரண்ட் நின்றது. அவர் சிரித்தார்.

சகோதரிகளே, இந்த இதழை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு மெயின் பெட்டிக்கு முன் ஒரு தடவை போய் நில்லுங்கள். ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். இல்லாவிட்டாலும் விழாவிட்டாலும் அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.